பர்கூர் மலை மாடும் பட்டி மேய்ச்சலும்

கேள்வி: காட்டு மேய்ச்சலை நிறுத்திவிட்டுப் பர்கூர் மலை மாடுகளை வீட்டிலேயே கட்டித் தீனி போட்டு வளர்த்தால் வனமும் காக்கப்படும், மாடும் பிழைக்கும் அல்லவா?
– வாசகர், பவானி

பதில்: தங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் அந்த வழியில் மாடு பிழைக்காது என்பதே என் உறுதியான கருத்து. ஈரோடு மாவட்டத்து அந்தியூரிலிருந்து வரட்டுப்பள்ளம், தாமரைக்கரை வழியாக ஏறிச் சென்றால் வரும் பர்கூர் மலை ஊர்களில், லிங்காயத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் செம்மறை மாடு, இரவில் காட்டுப் பட்டியில் அடைந்து, விடிந்ததும் மேடு பள்ளமெல்லாம் தானே புல் தேடி மேய்ந்து உருவான இனமாகும். முள்ளும் மரக்கட்டையும் கொண்டு வளைத்த வேலி, உள்ளே நெருக்கமாக நிற்கும் பழுப்பும் வெள்ளைத் திட்டுமான கட்டுடல் மாடுகள், ஓரத்தில் காவலிருப்பவரின் குடிசை, இவ்வளவுதான் பட்டி.

இம்மாட்டுக்குக் கறவை மிகக் குறைவு. கன்றுக்கு விட்டது போக மிஞ்சுவது சொற்பம். தவிடும் புண்ணாக்கும் விலைக்கு வாங்கிக் கட்டுத்தரையில் நிறுத்தினால், பால் விற்ற காசு தீனிக்கே காணாது. புல் செலவில்லாமல் கிடைப்பதாலும், பட்டியில் சேரும் எருவுக்கும் கன்றுகளுக்கும் விலை இருப்பதாலுமே அக்குடும்பங்கள் இன்றுவரை அவற்றை விடாமல் வைத்திருக்கின்றன. பர்கூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பது பெரும் ஆறுதல்தான். எனினும் பண்ணைக்குள் காக்கப்படும் சில மாடுகள், மலையேறி மேயும் மந்தைக்கு ஈடாகா.

சட்டநிலையையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், அதே மாதத்தில் அத்தடையைப் புலிகள் காப்பகங்கள், தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 80 ஆயிரம் எக்டேர் பரப்பு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால்தான் மலைமக்கள் அஞ்சுகின்றனர். ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. சரணாலயங்களுக்கும் அச்சட்டம் பொருந்தும். லிங்காயத்து மக்களைப் போன்ற பழங்குடியினர் அல்லாதோர், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, அங்கு வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததை நிறுவ வேண்டும். அதற்கான மனுவைக் கிராம சபையில்தான் முதலில் கொடுக்க வேண்டும். பட்டிக்காகப் பெரியவர்கள் வாங்கிவைத்த பழைய அனுமதிச் சீட்டோ ரசீதோ வீட்டில் இருந்தால், அதைத் தேடியெடுத்து மனுவுடன் இணைப்பது மிகவும் உதவும்.

கேள்வி: அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பர்கூர்க் காளை வாங்கி ஏரில் பூட்டலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: தாராளமாகப் பூட்டலாம். நடையில் வேகமும், சளைக்காமல் உழைக்கும் திறனும் அதற்கு உண்டு. ஆனால் பட்டியில் வளர்ந்த மாடு அன்னியரை எளிதில் அண்டவிடாது. பழக்கப் பொறுமை வேண்டும். வளர்ந்த காளையைக் காட்டிலும் இளங்கன்றாக வாங்குவதே நல்லது.