பழைய கர்னல் உள்ளேதான் இருக்கிறது, ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: சில வருடங்களாக உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். கணினி நுணுக்கமெல்லாம் தெரியாது. அப்டேட் வந்திருப்பதாகக் காட்டியது, சரி என்று அழுத்தினேன். மறுநாள் லேப்டாப்பை ஆன் செய்தால் கருப்புத் திரையில் ‘கர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்’ என்று வந்து அப்படியே நின்றுவிடுகிறது. சர்வீஸ் செய்பவர், “ஹார்டு டிஸ்க் போய்விட்டது. ஃபார்மட் செய்து புதிதாக ஏற்ற வேண்டும். பழைய ஃபைல்கள் வேண்டுமென்றால் ரெக்கவரிக்குத் தனிக் கட்டணம்” என்கிறார். என் மொழிபெயர்ப்பு வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. வேறு நகல் இல்லை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், மேற்கொண்டு படிக்கும் முன் அவருக்கு போன் செய்து எதிலும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். லேப்டாப்பைத் திரும்ப வாங்கி வந்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

‘ஹார்டு டிஸ்க் போய்விட்டது’ என்பதற்கு உங்கள் திரையே மறுப்பு சொல்கிறது. அந்தப் பிழைச் செய்தியை எழுதியது கர்னல், அதாவது லினக்ஸின் மைய நிரல். அந்தக் கர்னல் வந்தது அதே டிஸ்க்கிலிருந்துதான். டிஸ்க் அடியோடு செத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே முடியாது.

என்ன நடந்திருக்கும்? கர்னல் எழுந்தவுடன் உங்கள் ஃபைல்கள் இருக்கும் பகுதியைத் திறக்க வேண்டும். அதற்குத் தேவையான டிரைவர்களையும் சின்னச் சின்ன நிரல்களையும் ஒரு பொதியாகக் கட்டி வைத்திருப்பார்கள். ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனிப் பொதி. புதிய கர்னல் இறங்கும்போது அதற்குரிய பொதியை உங்கள் கணினியே அந்த நேரத்தில் கட்டுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் செய்தி வந்தால், பெரும்பாலும் அந்தப் பொதி கட்டப்படவில்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். பாதியில் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், கர்னல்களையும் பொதிகளையும் வைக்கும் ‘பூட்’ என்ற பகுதியில் இடம் தீர்ந்துபோவது. ஒரு பொதி நூறு எம்பியைத் தாண்டுவது இப்போதெல்லாம் சாதாரணம். பழைய நிறுவல்களில் அந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பதோ ஒரு ஜிபிகூட இருக்காது. இரண்டு மூன்று பழைய கர்னல்கள் சேர்ந்தால் போதும், நிறைந்துவிடும். உங்கள் மொழிபெயர்ப்புகள் இருக்கும் இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கர்னல் அப்டேட் உங்கள் ஃபைல்களைத் தொடுவதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அப்டேட் வந்தாலும் உபுண்டு முந்தைய கர்னலை உடனே அழித்துவிடாது. நேற்றுவரை வேலை செய்த கர்னல், அதன் பொதியோடு, உள்ளேயே இருக்கிறது. லேப்டாப்பை ஆன் செய்து, தயாரிப்பாளரின் சின்னம் தெரிந்து மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். பழைய கணினியாக இருந்தால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்தக் கர்னலில் எழுவது என்று தேர்ந்தெடுக்கும் ‘கிரப்’ மெனு வரும். பதற்றத்தில் எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டால் மெனுவுக்குப் பதில் வெறும் ‘கிரப்’ என்ற சொல் மட்டும் வந்து நிற்கும். பயப்படாதீர்கள், ஆஃப் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு’ என்ற இரண்டாவது வரிக்குள் போனால் கர்னல்கள் வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது, அதுதான் எழாதது. அதற்குக் கீழே எண் குறைந்த ஒன்று இருக்கும். ‘ரிகவரி மோடு’ என்று எழுதாத வரியாகப் பார்த்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலானோருக்கு இந்த இடத்தில் வழக்கமான திரை வந்துவிடும்.

இந்த ஒரு மெனு கண்ணில் படாததால் எத்தனை பேர் ஃபைல்களை இழந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கணினியில் உபுண்டு மட்டும் இருந்தால் இந்த மெனுவை மறைத்தே வைக்கிறார்கள், திரை அழகாக இருக்க வேண்டுமாம். ஆபத்தில் உதவும் ஒரே கதவை மூடி மறைப்பது என்ன வடிவமைப்பு? அப்டேட் செய்யும் செயலியாவது ‘பொதி கட்ட இடமில்லை, இந்தக் கர்னலில் எழுப்ப மாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அந்தப் பிழை யாரும் திறந்து பார்க்காத விவரப் பெட்டிக்குள் ஒரு வரியாக ஓடி மறைகிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதலே, அப்டேட் சரியாக எழாவிட்டால் பழைய பதிப்புக்குத் தானே திரும்பும் ஏற்பாடு பல போன்களுக்கு உண்டு. லினக்ஸிலும் அதற்கான கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் சாதாரண மனிதர் நிறுவும் உபுண்டுவில் அது இயல்பாக அமைக்கப்படவில்லை.

பழைய கர்னலில் எழுந்துவிட்டதா? பழுது பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி ஃபைல்கள் அனைத்தையும் நகல் எடுங்கள். எடுத்ததில் நாலைந்தைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கையோடு ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து ‘ஸ்மார்ட்’ விவரத்தையும் பாருங்கள். டிஸ்க் உண்மையிலேயே தளர்ந்துவருகிறதா என்று அது சொல்லும். சர்வீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, ‘பூட்’ எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க, ஆங்கில எழுத்தில் டிஎஃப், இடைவெளி, ஹைஃபன் எச், இடைவெளி, ஸ்லாஷ் பூட் என்று அடியுங்கள். நூறு சதவீதம் அல்லது அதை ஒட்டிக் காட்டினால் காரணம் உறுதி. அடுத்து ‘சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்’. ‘சூடோ’ என்றால் முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓட்டுவது, மீதி தேவையற்றுப்போன பழைய கர்னல்களையும் நிரல்களையும் நீக்கச் சொல்வது. எவற்றை நீக்கப் போகிறது என்று முதலில் பட்டியல் காட்டும். அதைப் படித்துவிட்டுச் சம்மதியுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை அது நீக்காது. இடம் கிடைத்ததும் ‘சூடோ டிபிகேஜி’ என்று அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனோடு ஒட்டி ‘கான்ஃபிகர்’, மறுபடி இடைவெளி விட்டு ஹைஃபன் ஏ. பாதியில் நின்ற அப்டேட்டை இது முடித்துவைக்கும், பொதியும் அப்போது கட்டப்படும். பிழை வரி எதுவும் இல்லாமல் முடிந்தால் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. ஆட்டோரிமூவ் சண்டித்தனம் செய்தால், ‘பூட் பகுதிக்குள் போய் ஃபைல்களைக் கையாலேயே அழித்துவிடு’ என்று ஆலோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். எது ஓடும் கர்னல், எது பழையது என்று தெரியாமல் அங்கே ‘ஆர்எம்’ என்ற அழிக்கும் கட்டளையை அடித்தால், இப்போது கைகொடுத்த கர்னலும் போய்விடும். உங்கள் திரையைத் தூரத்திலிருந்து கையாள அனுமதி கேட்கும் அறிமுகமில்லாத ‘சப்போர்ட்’ ஆட்களும் அப்படித்தான். அவர்களுக்கு இணைப்பு எண் கொடுக்காதீர்கள். பொருள் புரியாத கட்டளையை யார் சொன்னாலும் சூடோ போட்டு ஓட்டாதீர்கள், நான் சொன்னது உட்பட. ‘மேன்’ என்று அடித்து, இடைவெளி விட்டுக் கட்டளையின் பெயரைச் சேர்த்தால் அது என்ன செய்யும் என்ற விளக்கம் வரும்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். அப்டேட்டுக்கு முன்பெல்லாம் லேப்டாப்பை ஆன் செய்ததும், உங்கள் பெயர் வரும் திரைக்கும் முன்னதாக, தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்குமா? நன்றாக யோசித்துப் பாருங்கள். கேட்கும் என்றால், நிறுவும்போது டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் கட்டத்தை நீங்களோ நிறுவித் தந்தவரோ தேர்ந்திருக்கிறீர்கள். இதைக் கேட்கக் காரணம் உண்டு. என்க்ரிப்ட் செய்த நிறுவல்களில்தான் ‘பூட்’ தனிப் பகுதியாக, அளவு குறைவாக ஒதுக்கப்படுகிறது. இடம் நிறைந்துபோகும் தொல்லையும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆக, நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அப்படியிருந்தால் ‘ஃபார்மட் செய்துவிட்டு அப்புறம் ரெக்கவர் செய்யலாம்’ என்பது முழுப் பொய். சாதாரண டிஸ்க்கில் ஃபார்மட்டுக்குப் பிறகு எதையாவது சுரண்டி எடுக்க ஓரளவு வழி இருக்கலாம். என்க்ரிப்ட் செய்ததில் கிடையாது. லினக்ஸ் பயன்படுத்தும் ‘லக்ஸ்’ முறையில் உங்கள் பாஸ்வேர்டு நேரடியாக ஃபைல்களைத் திறப்பதில்லை. உண்மையான சாவி, கணினி தானே உருவாக்கிய ஒரு நீண்ட எண். அது என்க்ரிப்ட் செய்த பகுதியின் தொடக்கத்தில் ‘ஹெடர்’ என்ற இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பாஸ்வேர்டு அந்தப் பூட்டை மட்டும் திறக்கிறது. லக்ஸ் 2 முறையில் இந்த ஹெடர் வழக்கமாக 16 எம்பி. அந்தப் பகுதியின் மேல் புதிதாக ஒன்றை நிறுவினால் முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் இங்கேதான். ஹெடர் அழிந்தால், மீதி அத்தனையும் ஒரு எழுத்து குறையாமல் டிஸ்க்கில் இருந்தாலும், பாஸ்வேர்டு உங்களுக்கு மனப்பாடமாக இருந்தாலும், எந்த நிபுணராலும் திறக்க முடியாது. ஃபார்மட் ஆன பிறகு என்னிடம் வந்த ஒரு கணினியில் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் உரிமையாளருக்குப் பாஸ்வேர்டு தெரியும், என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எழாததற்குக் காரணம் அதே இடப் பற்றாக்குறைதான் என்றே நினைக்கிறேன். கட்டணம் வாங்கியவரிடம் அவர் கேட்டபோது கிடைத்த பதில், ‘டிஸ்க் காலியாகத்தான் இருந்தது’.

காலியாகத் தெரிந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டினால், அதற்கு இந்தப் பகுதி புரியாது. ‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?’ என்று பெட்டி எழக்கூடும். விவரம் தெரியாதவர் ஆம் என்று அழுத்துவார். விவரம் தெரிந்தும் நேரத்தை மிச்சப்படுத்த அழுத்துபவர்களும் இருக்கிறார்கள். யாரிடம் டிஸ்க்கைக் கொடுத்தாலும், “இது லினக்ஸ், என்க்ரிப்ட் செய்தது, எதுவும் எழுதக் கூடாது” என்று ஒரு தாளில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். இப்போது கணினி எழுந்துவிட்டால் இந்த ஹெடரையும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ‘கிரிப்ட்செட்டப்’ நிரலில் ‘லக்ஸ்ஹெடர்பேக்கப்’ என்ற கட்டளை அதற்காகவே இருக்கிறது. அந்த நகலைப் பென் டிரைவில் வையுங்கள், அதே லேப்டாப்பில் வைத்துப் பயனில்லை.

மெனுவில் இருந்த பழைய கர்னலும் எழவில்லை என்றால், உபுண்டுவின் நிறுவல் பென் டிரைவ் ஒன்றை நண்பரின் கணினியில் தயாரித்து, அதிலிருந்து ‘ட்ரை உபுண்டு’ முறையில் எழுப்புங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் போகவே வேண்டாம். ஃபைல் மேனேஜரில் உங்கள் டிஸ்க் தெரியும், அதைச் சொடுக்குங்கள். என்க்ரிப்ட் செய்ததாக இருந்தால் பாஸ்வேர்டு கேட்கும், கொடுங்கள். ‘ஹோம்’ என்பதற்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அந்த நகல் உங்கள் கைக்கு வந்த பிறகு, சர்வீஸ்காரர் ஃபார்மட் செய்வதானால் செய்துகொள்ளட்டும்.