ஆடு கட்டிய தகரக் கொட்டகையில் முயல் வளர்க்கலாமா?

கேள்வி: ஆடு கட்டிய தகரக் கொட்டகை ஒன்று காலியாக இருக்கிறது. ஐந்து பெண் முயலும் ஒரு ஆண் முயலும் வாங்கி, தரையிலேயே ஒன்றாக விட்டு வளர்க்க நினைக்கிறேன். கூண்டு கட்டாயம் வேண்டுமா?

பதில்: எண்ணிக்கை சரி. தொடக்கத்துக்கு இதற்கு மேல் வேண்டாம். ஆனால் தரையில் விடாதீர்கள். வளர்ந்த முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். எது எப்போது சினையானது என்று தெரியாது. புழுக்கை கலந்த தீவனத்தைத் தின்றால் குட்டிகளுக்குக் காக்சிடியோசிஸ் என்ற குடல் ஒட்டுண்ணி நோயால் கழிச்சல் வரும், வந்தால் ஒரு ஈற்றே போய்விடும்.

ஆளுக்கொரு கூண்டு கொடுங்கள். 2 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். குட்டி போடும் முயலுக்கு நீளம் இரண்டரை அடி இருக்கட்டும். தரையிலிருந்து 2 முதல் 3 அடி உயரத்தில் வையுங்கள். அடிப்பக்கத்துக்கு அரை அங்குலக் கம்பிவலை. வாங்கும்போது வலையின் மேல் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உங்கள் கையைக் கீறினால் முயலின் காலையும் கீறும். நாய்க்கு இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் முடிதான். அந்த முடி உதிர்ந்து பின்னங்கால் புண்ணாகிவிட்டால் ஆற்றுவது பெரும்பாடு. கூண்டின் ஒரு மூலையில் சின்னப் பலகை போட்டால் அதில் உட்கார்ந்து காலை ஆற்றிக்கொள்ளும்.

எனக்குக் கவலை உங்கள் தகரக் கூரைதான். முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே தவிக்கும். கடும் வெயிலுக்குப் பிறகு ஆண் முயல் சில வாரங்களுக்கு மலடாகவே இருக்கும். பலரும் பெண் முயலைக் குறை சொல்லி விற்றுவிடுகிறார்கள். அதனால் தகரத்தின் மேல் கீற்றோ வைக்கோலோ பரப்பி, பக்கங்களைத் திறந்து வலை அடியுங்கள்.

தீவனத்தில் நார்ச்சத்து முக்கியம். காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும், பசுந்தீவனத்தை ஈரம் போக வாட வைத்துக் கொடுங்கள். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முயல் தன் மெல்லிய புழுக்கையைத் தானே தின்னும். அது நோய் இல்லை.

சேர்க்கைக்குப் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தில் ஆணைக் கடித்துவிடும். சினைக்காலம் சுமார் 31 நாள். 28ஆம் நாள் காய்ந்த புல் பரப்பிய பெட்டியை வைத்தால், தாய் தன் முடியைப் பிடுங்கி மெத்தை செய்துகொள்ளும். அப்புறம் எல்லோரும் பதறும் விஷயம் ஒன்று: தாய் பகலில் பெட்டிப் பக்கமே போகாது. ஒரு நாளைக்கு ஓரிரு முறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். ஒரு குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வயிறு உருண்டு, தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தால் கவலையில்லை. தோல் சுருங்கியிருந்தால் குட்டி பட்டினி.

முயல் வாங்கப் போகும்போது காதுக்குள் பாருங்கள், பொருக்கு இருந்தால் சொறி. முன்னங்காலின் உள்பக்க முடி திரிதிரியாக ஒட்டியிருந்தால் அது ஒழுகும் மூக்கைத் துடைத்த அடையாளம். அந்த முயலோடு அதே பண்ணையின் மற்ற முயல்களும் வேண்டாம்.