எஸ்.ஜி.பி.டி. 36: கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: வயது 46, எடை 60 கிலோ. பர்மாவில், பெகுவில் சிறிய கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் இரவு அரை பாட்டில் ரம் குடிக்கிறேன். குடியைத்தான் விட முடியவில்லை, கல்லீரலையாவது கவனிப்போம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கிறேன். அதற்கு ஐந்து நாள் முன்பே குடிப்பதை நிறுத்திவிடுவேன். அந்த நாட்களில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. கடைசி ரிசல்ட்: எஸ்.ஜி.பி.டி. 36, எஸ்.ஜி.ஓ.டி. 64, ஜி.ஜி.டி. 210, பிலிருபின் 1.1, ஆல்புமின் 3.7, பிளேட்லெட் 1,48,000, எம்.சி.வி. 103. ஆய்வகத்தில் “எஸ்.ஜி.பி.டி. நார்மல், பயம் வேண்டாம்” என்றார்கள். இந்த டெஸ்ட் போதுமா? லிவர் மாத்திரை ஏதாவது சாப்பிடலாமா?

பதில்: ஐயா, ரிசல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஐந்து நாளைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான்.

700 மில்லி பாட்டிலில் பாதி 350 மில்லி. 40 சதவீத ரம் என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 110 கிராம். பன்னிரண்டு வருடம் தினமும் இவ்வளவு போன மூளை, அது திடீரென நின்றால் கொந்தளிக்கும். முதல் நாளிலேயே நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காய்ச்சல், குழப்பம், இல்லாததைப் பார்ப்பது என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவது, மீண்டும் தொடங்குவது என்று வருடத்துக்கு நான்கு முறை செய்தால், அடுத்த தடவை வருவது முந்தியதைவிடக் கடுமையாக வரும் வாய்ப்பு கூடுகிறது. தீமிதிக்குக் காப்புக் கட்டிய அன்றே ஒரேயடியாக நிறுத்துகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். விரதம் நல்லதுதான், ஆனால் அதற்கான தயாரிப்பை மருத்துவரோடு சேர்ந்து சில வாரம் முன்பே தொடங்குங்கள்.

அந்த நிறுத்தத்தால் டெஸ்டுக்கும் பயனில்லை. எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் கல்லீரல் செல்கள் புண்பட்டால் ரத்தத்தில் கசியும் என்சைம்கள். இதில் எஸ்.ஜி.ஓ.டி. ஒரு நாளுக்குள் பாதியாகக் கரையக்கூடியது. ஐந்து நாள் இடைவெளி விட்டால் உண்மையான அளவு மறைந்துபோகும். அப்படி இடைவெளி விட்டும் 64 வந்திருக்கிறது என்றால், குடிக்கும் நாட்களில் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் என்சைம் பாதியாகக் குறைய இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால் அது 210-லேயே நிற்கிறது. இனி ரத்தம் கொடுக்கப் போனால், இருக்கிறபடியே போங்கள்.

இப்போது அந்த 36. எஸ்.ஜி.பி.டி. வேலை செய்ய வைட்டமின் பி6 தேவை. தொடர்ந்து குடிப்பவர்களிடம் அது குறைந்திருப்பதால், கல்லீரல் புண்பட்டிருந்தாலும் இந்த எண் பெரிதாக ஏறாது. எஸ்.ஜி.ஓ.டி.யின் பெரும்பகுதி செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, ஆல்கஹால் முதலில் தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆகவே குடியால் வரும் பாதிப்பில் எஸ்.ஜி.ஓ.டி. உயர்ந்தும் எஸ்.ஜி.பி.டி. பின்தங்கியும் இருக்கும். உங்களுக்கு 64-ஐ 36-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.8. இரண்டைத் தாண்டினால் குடிதான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். எம்.சி.வி. 103, அதாவது சிவப்பணுக்கள் பெருத்திருப்பதும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது.

தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலிலும் எஸ்.ஜி.பி.டி. நார்மலாகவே வரலாம். கசிய வேண்டிய செல்களே அங்கே குறைந்துவிட்டன. அதனால் இந்த ஒரு எண்ணை வைத்து யாரும் தைரியம் சொல்லக்கூடாது.

நீங்கள் கவனிக்காத எண் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள். கல்லீரலில் தழும்பு கூடினால் அதற்குள் போகும் ரத்தம் பின்னால் தேங்கும், மண்ணீரல் வீங்கும், பிளேட்லெட்டுகள் அங்கே அடைபடும். 1,50,000-க்குக் கீழே இறங்கியதை நான் சும்மா விடமாட்டேன். ஆல்கஹால் எலும்பு மஜ்ஜையை அமுக்குவதாலும் இது குறையும், நிறுத்தி ஒன்றிரண்டு வாரத்தில் ஏறிவிடும். நம் ஊரில் டெங்கு, மலேரியாவும் குறைக்கும். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கல்லீரலில் தழும்பு இருக்கிறதா என்று ஊகிக்க ஃபிப்-4 என்றொரு கணக்கு உண்டு, கையிலேயே போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 46 × 64 = 2944. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து (148), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 36-க்கு வர்க்கமூலம் 6, ஆக 148 × 6 = 888. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3.3. பொதுவாக 1.3-க்குக் கீழே என்றால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே என்றால் மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். குடியால் எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருப்பது இந்த எண்ணையும் கொஞ்சம் தூக்கும். இருந்தாலும் 3.3-ஐ வைத்துக்கொண்டு அடுத்த மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். வலியில்லை, விலா எலும்பின் இடுக்கில் கருவியை வைத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்பார்கள். யாங்கோன் போய் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் ஆறுதல். 15-க்கு மேலே வந்தால் சிரோசிஸ், அதாவது ஈரல் முழுதும் தழும்பேறிய நிலை என்று சந்தேகிக்க வேண்டும். குடித்துக்கொண்டிருக்கும்போது ஈரல் வீங்கி, இல்லாத இறுக்கம் காட்டும் என்பதால், நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உண்மை தெரியும். சாதாரண வயிற்று ஸ்கேனும் வேண்டியதுதான். மண்ணீரல் அளவையும் கட்டிகளையும் அது காட்டும். ஆரம்பத் தழும்பை அது தவறவிடும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அதே ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பார்த்துவிடுங்கள். பர்மாவில் இவை சாதாரணமாகவே பலருக்கு உண்டு. பழைய ஊசிகள் வழியாகத் தெரியாமலே தொற்றியவர்கள் அதிகம். குடியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் தழும்பின் வேகமே வேறு. சி இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் குணமாகும். பி இல்லை, எதிர்ப்பு சக்தியும் இல்லை என்றால் இன்று, ஒரு மாதம், ஆறாம் மாதம் என மூன்று தடுப்பூசி போடுங்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்சைம் பார்க்கும் பணத்தை இதற்குச் செலவழியுங்கள். ஸ்கேனில் தழும்பு இல்லையென்றால் ஃபிப்-4 வருடத்துக்கு ஒருமுறை போதும். சிரோசிஸ் என்று வந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் கட்டாயம், புற்றுநோயைச் சிறியதாக இருக்கும்போதே பிடிப்பதற்காக. பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழே இருப்பதால், உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பியும் செய்வார்கள்.

லிவர் மாத்திரை, லிவர் டானிக் எதுவும் குடிப்பவரின் ஈரலைக் காப்பாற்றும் என்று நிரூபணமாகவில்லை. உங்களுக்குத் தேவையானது வைட்டமின் பி1, தினம் 100 மில்லிகிராம். தலைவலிக்குப் பாராசிட்டமால் எடுத்தால் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் வேண்டாம். காசநோய் மருந்து தொடங்கினால் குடியைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள், அந்த மருந்துகளும் ஈரலைத் தாக்கும். ரம்முக்குத் தொட்டுக்கொள்ளும் வேர்க்கடலையில் பூஞ்சை நாற்றமோ கருமையோ இருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். அதில் உண்டாகும் அஃப்லடாக்சின் ஈரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம், வறுத்தாலும் முழுதாகப் போகாது. வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள். உங்கள் எடைக்கு நாளுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு எதையும் ஒதுக்க வேண்டாம்.

நிறுத்துவதற்கு வழி இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் ஒரு வாரம்போலக் குறைந்துகொண்டே போகும் மாத்திரைகளும் பி1-ம் கொடுத்தால் நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்கலாம். மருத்துவர் கிடைக்கும்வரை அளவுக் கோப்பை ஒன்றை வாங்கி, 350 மில்லியை 315 ஆக்குங்கள். நான்கு நாள் கழித்து அதிலும் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். நடுங்கினால் வேகம் அதிகம், அந்த அளவிலேயே நில்லுங்கள். முழுதாக நின்ற பிறகு ஈரலில் உள்ள கொழுப்பு இரண்டு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் கரையும். எம்.சி.வி. இறங்க மூன்று, நான்கு மாதமாகும், பழைய சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து போக வேண்டும்.

கறுப்பாகத் தார் போல மலம், ரத்த வாந்தி, கண் மஞ்சள், வயிறு வீக்கம், பகலில் தூக்கமும் இரவில் விழிப்பும், பேச்சில் தடுமாற்றம், வலிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். யாங்கோன் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள், தடுமாற்றம் வந்தால் அது உங்களுக்கே தெரியாது.