ஜகாத்தும் தர்மமும் ஒன்றா? எவ்வளவு, எதற்கு, யாருக்கு?

ரமளான் மாதத்தில் முஸ்லிம்கள் கொடுக்கும் ஜகாத், மற்றவர்கள் செய்யும் தான தர்மத்தைப் போன்றதா, அல்லது ஒரு வகை வரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் அல்ல என்பதே என் பதில். தர்மம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. எவ்வளவு, எப்போது என்பதை அவரே முடிவு செய்கிறார். ஜகாத்தில் அளவும் காலமும் பெறுவோரும் முன்பே வரையறுக்கப்பட்டுள்ளதால், கொடுப்பவருக்குப் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. செல்வந்தரின் பொருளில் கேட்பவருக்கும், கேட்காமல் வறுமையில் இருப்பவருக்கும் "அறியப்பட்ட உரிமை" உண்டு என்று குர்ஆன் 70ஆம் அத்தியாயத்தில் சொல்கிறது. ஆகவே ஜகாத் கொடுக்காதவர் கருமி மட்டும் அல்லர், பிறருடைய பங்கைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர். நபிகள் நாயகம் மறைந்தபின் சில அரபுக் குலங்கள் "தொழுகிறோம், ஆனால் ஜகாத் தர மாட்டோம்" என்றபோது, முதல் கலீஃபா அபூபக்ர் அவர்கள்மீது படையெடுத்தார் என்ற வரலாற்றிலிருந்தே இது எவ்வளவு கண்டிப்பான கடமை என்பது விளங்கும்.

இந்தியாவில் ஜகாத்தை வசூலிக்க அரசு அமைப்பு எதுவும் இல்லை. நோட்டீஸ் வராது, அபராதமும் கிடையாது. கணக்குப் பார்ப்பவரும் கணக்குக்கு ஆளாகிறவரும் ஒருவரே என்பதால், என் பார்வையில் இந்த வணக்கத்தின் கடினமான பகுதி பணத்தை எடுத்துக் கொடுப்பது அன்று, உட்கார்ந்து நேர்மையாக எண்ணுவதுதான்.

எங்கள் வீட்டில் ரமளான் முதல் பிறைதான் கணக்கு நாள். ஜகாத் ஆண்டு சந்திர ஆண்டு, ஏறத்தாழ 354 நாள். எந்த மாதத்தையும் ஆண்டுத் தொடக்கமாகக் கொள்ளலாம் என்றாலும், நன்மை பெருகும் மாதம் என்பதால் பெரும்பாலோர் ரமளானையே தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று வங்கி இருப்பு, கையிருப்பு, பிறரிடமிருந்து வர வேண்டிய கடன், சீட்டில் இதுவரை கட்டிய தொகை, கடையில் விற்பனைக்கு இருக்கும் சரக்கின் அன்றைய விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, உடனே கட்ட வேண்டிய கடனைக் கழித்து, மிஞ்சுவதில் இரண்டரை சதவீதத்தை, அதாவது நாற்பதில் ஒரு பங்கை ஒதுக்குகிறோம். குடியிருக்கும் வீடு, ஓட்டும் வண்டி, தொழிற்கருவி, கடையின் அலமாரி ஆகியவை கணக்கில் வாரா. வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கும் ஜகாத் இல்லை. வந்த வாடகையில் மிச்சமிருப்பதற்கு மட்டும் உண்டு.

வேளாண்மைக்கு விகிதம் வேறு. மழையை நம்பி விளைந்தால் பத்து சதவீதம். இறைத்துப் பாய்ச்சி விளைவித்திருந்தால் ஐந்து. பாடுபடாமலே கிடைத்த பழங்காலப் புதையலுக்கு இருபது. உழைப்பு கூடக்கூட விகிதம் குறையும் இந்த ஒழுங்கைப் பலர் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் பெரும் விவாதம் நகையைப் பற்றியதுதான். ராவுத்தர் குடும்பத்தைச் சேர்ந்த நாங்கள், மத்ஹப் எனப்படும் நான்கு இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். கழுத்தில் கிடந்தாலும் பெட்டியில் இருந்தாலும் தங்கத்துக்கு ஜகாத் உண்டு என்பது அதன் சட்டம். என் மனைவியின் ஊர் கீழக்கரைப் பக்கம். அங்கே ஷாஃபிஈ மத்ஹப். வழக்கமான அளவில் அணிவதற்காக வைத்திருக்கும் நகைக்கு ஜகாத் இல்லை என்றும், சேமிப்பாகவோ அளவு மீறியோ வைத்திருந்தால் உண்டு என்றும் அவர்கள் கொள்கிறார்கள். திருமணமான புதிதில் என் அம்மா மருமகளின் நகைகளைத் தராசில் வைத்துக் கல்லின் எடையைக் கழித்துக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்ல போடுற நகைய நிறுக்க மாட்டாங்களே மாமி" என்று என் மனைவி வியந்தது நினைவிருக்கிறது. இரண்டுமே ஆயிரமாண்டுப் பழமையுள்ள, ஆதாரத்துடன் கூடிய கருத்துகள். ஆகவே இதில் ஒருவரை ஒருவர் குறை சொல்ல இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: நகை மனைவியின் சொத்து, எனவே கடமையும் அவருடையது, கணவர் கட்டுவதானால் அவருடைய சம்மதத்தோடு கட்ட வேண்டும்.

"பதினோரு பவுனுக்குக் கீழே இருந்தால் ஜகாத் இல்லை" என்று ஊர்களில் சொல்வதும் பாதி உண்மைதான். தங்கத்தின் நிஸாப், அதாவது கடமையாவதற்கான குறைந்த அளவு, ஏறத்தாழ 87.5 கிராம், 85 கிராம் என்பாரும் உண்டு. ஆனால் தங்கம் தவிர வேறெதுவும் இல்லாதவருக்கே ஹனஃபீ சட்டப்படி இந்தக் கணக்கு. ஐந்து பவுனோடு கொஞ்சம் ரொக்கமும் இருந்தால் இரண்டின் மதிப்பையும் கூட்டி, சுமார் 612 கிராம் வெள்ளியின் விலையோடு ஒப்பிட வேண்டும். இன்றைய விலையில் வெள்ளியின் நிஸாப் தங்கத்தினுடையதை விட மிகவும் குறைவு என்பதால், தமக்குக் கடமையில்லை என்று எண்ணியிருக்கும் பல நடுத்தரக் குடும்பங்களுக்கும் கடமை வந்துவிடுகிறது. இருபது பவுன் வைத்திருப்பவர் அரைப் பவுனின் மதிப்பைக் கொடுத்தால் போதும். ஒரு பொருளுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் பிறகு ஆண்டுதோறும் வேண்டியதில்லை என்று இங்கே ஒரு தரப்பினர் வாதிட்டு வந்தாலும், நான்கு மத்ஹபுகளும் அதை ஏற்பதில்லை.

பெறுவோர் எட்டு வகையினர் என்று குர்ஆன் 9:60 வரையறுக்கிறது: வறியவர், ஏழைகள், வசூலிக்கும் பணியாளர், இஸ்லாத்தின்பால் உள்ளம் ஈர்க்கப்பட வேண்டியவர், அடிமைத்தளையிலிருந்து மீள வேண்டியவர், கடனாளிகள், இறைவழியில் பாடுபடுவோர், வழிப்போக்கர். பள்ளிவாசல் கட்டுவதற்கு ஜகாத் பணம் கூடாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது, அவர்களைப் பராமரிப்பது வேறு கடமை. ஏழையான அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். இது ஜகாத் பணம் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவரின் மனத்தில் நிய்யத், அதாவது அந்த எண்ணம், இருந்தால் போதும். பெரும்பான்மைச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவருக்கு ஜகாத்திலிருந்து கொடுப்பதில்லை; அவர்களுக்கு ஸதகா என்னும் பொதுத் தர்மத்திலிருந்து எவ்வளவும் கொடுக்கலாம்.

எனக்கு உறுத்தலாக இருப்பது கொடுக்கும் முறை. மலிவான சேலைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி, வாசலில் பெண்களை விடியற்காலை முதல் வரிசையில் நிறுத்திக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015 ரமளானில் வங்கதேசத்தின் மைமன்சிங் நகரில் இப்படி ஜகாத் துணி வாங்கக் கூடிய கூட்டம் நெரிசலில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உரிமையுள்ள ஒருவரைத் தெருவில் காக்க வைத்து அவருடைய பங்கைக் கொடுப்பது என்ன நியாயம்? சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று குர்ஆன் 2:264 எச்சரித்திருப்பதும் இதைத்தான். சில ஊர்களில் பள்ளிவாசல் ஜமாஅத்தோ பைத்துல்மால் என்னும் பொதுநிதி அமைப்போ எல்லாருடைய ஜகாத்தையும் திரட்டி, விசாரித்து, ஒரு குடும்பத்தின் வட்டிக்கடனை முழுவதுமாக அடைத்தோ, தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுத்தோ உதவுகின்றன. நூறு பேருக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து அடுத்த ரமளானிலும் அதே நூறு பேரைப் பார்ப்பதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. எங்கள் குடும்பமும் தன் பங்கில் பாதியை உறவினருக்கும் மீதியைப் பைத்துல்மாலுக்கும் கொடுத்துவிடுகிறது.

பெருநாள் தொழுகைக்கு முன் தலைக்கு இவ்வளவு என்று அரிசியாகவோ பணமாகவோ கொடுப்பதையும் சிலர் ஜகாத் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அது ஃபித்ரா, பச்சிளம் குழந்தைக்கும் சேர்த்துக் குடும்பத் தலைவர் கொடுக்க வேண்டிய தனிக் கடமை. அதைக் கொடுத்துவிட்டதால் ஜகாத் கணக்கில் எதுவும் குறையாது.