அம்மாவின் அசன வரி

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

திருச்சபை வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்களுக்குத் தென்காசிப் பக்கம். கொரோனா இரண்டாம் அலையில் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மாவின் பெயர் எங்கள் சபையின் விதவைகள் பட்டியலில் சேர்ந்தது. வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பட்டியலில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிடுவார்கள். ஒரு சேலை, ஐந்து கிலோ அரிசி, ஒரு கேக் பாக்கெட். கொடுக்கிற குடும்பத்தின் பெயரையும் மைக்கில் சொல்வார்கள். சேலையை அவர்கள் ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் பிடித்தபடி போட்டோ எடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் அது சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்.

சில வருடங்கள் அம்மா போய் வாங்கினார்கள். போன கிறிஸ்துமஸுக்கு "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். கமிட்டியில் ஒருவர் என்னிடம், "வாங்கிக்கொள்வதற்கும் ஒரு நன்றி உணர்வு வேண்டும்மா" என்றார். அம்மா நன்றி கெட்டவர் இல்லை அண்ணே. ஞாயிறு தவறாமல் காணிக்கை போடுகிறவர். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் நடக்கிற அசன விருந்துக்குக்கூட வரி கொடுக்கப் போனார்கள். "விதவைகளுக்கு வரி கிடையாது, வந்து சாப்பிட்டால் போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கொடுப்பதும் நல்லதுதான், நன்றியோடு வாங்குவதும் நல்லதுதான். அப்புறம் ஏன் இது இவ்வளவு வலிக்கிறது? அம்மா செய்தது சரியா? வேறு சபைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசிக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

அம்மா செய்தது சரிதான். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

உங்கள் கடிதத்தில் போட்டோவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அசன வரியைத் திருப்பிக் கொடுத்ததைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ காயம் அங்கேதான் பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. போட்டோ ஒரு நாள் அவமானம். ஆனால் "உங்களிடம் வாங்கமாட்டோம்" என்று சொன்னது, இத்தனை வருடம் அந்தச் சபையில் அம்மாவுக்கு இருந்த இடத்தையே எடுத்துவிட்டது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளைத் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அசனம் என்பது ஊர்கூடிச் சாப்பிடும் சபை விருந்து. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பணம் சேர்ப்பார்கள். அதற்கு மேல் ஒருவர் ஆடு கொடுப்பார், ஒருவர் அரிசி மூட்டை, ஒருவர் விறகு. ராத்திரி முழுக்கப் பெரிய பெரிய அண்டாக்களில் சமையல் நடக்கும். மறுநாள் பந்தியில் மருத்துவரும் பீடி சுற்றுகிற அம்மாவும் பக்கத்துத் தெரு இந்துக் குடும்பமும் அடுத்தடுத்து உட்காருவார்கள். யார் ஆடு கொடுத்தார், யார் வெறும் வரி மட்டும் கொடுத்தார் என்பது குழம்பில் தெரியாது. தருமம் செய்ய இதைவிட நல்ல வழியை நம் சபைகள் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. சாப்பிடுகிற எல்லாரும் கொடுத்தவர்கள், கொடுத்த எல்லாரும் சாப்பிடுகிறவர்கள்.

விதவைகளுக்கு வரி வேண்டாம் என்று முடிவு செய்த கமிட்டி இரக்கத்தோடுதான் செய்திருக்கும். முடியாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அது நியாயம். ஆனால் விலக்கு என்பது அவருக்குக் கொடுத்த சலுகை. எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் பாடு. கொண்டுவந்து நீட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது விலக்கு இல்லை, விலக்கிவைப்பது. அந்த நிமிடத்திலிருந்து எல்லாரும் தங்கள் வீட்டு விருந்தைச் சாப்பிட, அம்மா மட்டும் அடுத்தவர் வீட்டு விருந்தைச் சாப்பிட வேண்டியதாகிறது.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் இதே மாதிரி ஒரு சாப்பாட்டுச் சண்டை வருகிறது. கர்த்தருடைய பந்திக்காகக் கூடிவந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருக்கிறார்கள். பவுல் கோபமாகக் கேட்கிறார்: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" சாப்பாடு குறைந்ததை மட்டும் பவுல் குற்றமாகச் சொல்லவில்லை, வெட்கப்படுத்தியதைச் சொல்கிறார். சேலையும் அரிசியும் கொடுத்தே ஒருவரை வெட்கப்படுத்த முடியும் என்பதை நம் கமிட்டிகள் யோசிப்பதில்லை.

அதே சபைக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பணம் சேர்ப்பதைப் பற்றிப் பேசும்போது மக்கெதோனியா சபைகளை எடுத்துக்காட்டுகிறார். அவர்கள் "கொடிய தரித்திரமுடையவர்களாயிருந்தும்" தாராளமாகக் கொடுத்தார்கள். அதோடு, எங்களிடமும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். பவுல் நினைத்திருந்தால், பாவம் இவர்களே கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, வாங்கிக்கொண்டார். அவர்களும் பங்காளிகள் என்று ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம்.

ஏழையின் கையிலிருந்து வாங்குவது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை நம் ஊர்க்காரர் ஒருவர் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் அங்கே இருந்தார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்தியத் தலைமை என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. வெளிநாட்டுப் பணத்தில் எல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில், நாங்களும் கொடுப்போம் என்று இறங்கினவர்கள் அவர்கள். 1912இல் அசரியா தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான். அவருடைய மக்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். அவர்களைக் கொடுக்கத் தெரியாதவர்களாக அவர் நடத்தவில்லை. காணிக்கை கொடுப்பதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்.

பணமில்லாத வீடு எப்படிக் கொடுக்கும்? அதற்குப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பது. நம் கிராமங்களிலும் பிடி அரிசிக் காணிக்கை உண்டு, உங்கள் பாட்டி எடுத்து வைத்திருப்பார்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய இந்தப் பழக்கம் இன்றும் அங்கே சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு பிடி எடுத்துவைத்து, சேர்ந்ததைச் சபைப் பெண்கள் வாங்கி விற்றுப் பணமாக்குகிறார்கள். ஐந்து ஏக்கர் உள்ள வீடும் கூலி வீடும் எடுப்பது அதே ஒரு பிடி.

அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருட்களைச் சபையிலேயே ஏலம் விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏலம் என்றாலே கௌரவப் போட்டி என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அதுவும் நடக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா வருடாவருடம் ஒரு கோழி முட்டை கொண்டுவந்து வைப்பார்கள். ஒருவர் அதை ஐந்நூறுக்கு எடுத்து, திரும்பவும் கோயிலுக்கே கொடுப்பார். இன்னொருவர் அதையே மறுபடி எடுப்பார். அந்த முட்டை சுற்றிச் சுற்றி வருகிறவரைக்கும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். வாங்கினவர்கள் பெயரோடு, முட்டை யாருடையது என்பதும் மைக்கில் வரும். அந்த ஏலத்தில் ஏழையின் பெயர் கொடுத்தவராகச் சொல்லப்பட்டது. உங்கள் சபையின் கிறிஸ்துமஸ் ஞாயிறில் ஏழையின் பெயர் வாங்கினவராக மட்டும் சொல்லப்படுகிறது.

நன்றி உணர்வு வேண்டும் என்ற கமிட்டிக்காரருக்கு வருகிறேன். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் நாம் என்ன எழுதுகிறோம்? பிள்ளை பிறந்ததற்கு, ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, வேலை கிடைத்ததற்கு. சபையில் கொடுக்கிறவர்தான் நன்றி சொல்ல வந்திருக்கிறார். தனக்குக் கிடைத்ததற்குக் கடவுளிடம் நன்றி சொல்கிறார், அந்த நன்றி சேலையாகவும் அரிசியாகவும் இன்னொரு வீட்டுக்குப் போகிறது. வாங்குகிறவருக்கு மனதில் நன்றி தானாக வரும், அது நல்ல விஷயம். ஆனால் அதை எதிர்பார்க்கவும், வரவில்லை என்றால் குறை சொல்லவும் கொடுத்தவருக்கு உரிமையில்லை. "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று ஆண்டவர் சொன்ன பிறகு, வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுவதற்கு நாம் எந்த வசனத்தைக் காட்ட முடியும்?

போட்டோ எடுக்கிறவர்கள் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. வெளிநாட்டிலும் சென்னையிலும் இருந்து பணம் அனுப்புகிறவர்கள் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறார்கள், கமிட்டியின் மேல் சந்தேகம் வருகிறது. அந்தக் கவலை உண்மையானது. அதற்கு ரசீதும் தணிக்கை செய்த கணக்கும் போதும். இத்தனை பேருக்கு இவ்வளவு செலவு என்று சபைக் கூட்டத்தில் மொத்தத்தை வாசிக்கலாம். எருசலேம் சபையில் விதவைகளுக்கான அன்றாட உதவியில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் நற்சாட்சி பெற்ற ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். விதவைகளை வரிசையில் நிறுத்திக் காட்டவில்லை.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சேலை கொடுத்தால் ஜாக்கெட் எப்போது தைப்பது? டிசம்பர் பாதிக்கு மேல் எந்த டெய்லரும் புதுத் துணி வாங்குவதில்லை. பண்டிகைக்கு உடுத்த முடியாத பண்டிகைச் சேலையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நவம்பரிலேயே ஒரு ஜவுளிக்கடைக் கூப்பனாகக் கொடுத்தால், அம்மா தனக்குப் பிடித்த நிறத்தில் எடுத்து, தைத்து, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உடுத்திக்கொண்டு வருவார்கள். அதே தெருவில் இருக்கிற ஒருவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கொடுத்து, ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். அந்தக் காப்பியை அவசியம் குடிக்க வேண்டும்.

வேறு சபைக்குப் போவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். அப்பாவை அடக்கம் செய்த சபை, அம்மா இத்தனை வருடம் காணிக்கை போட்ட சபை. கமிட்டியில் ஒருவர் சொன்ன வார்த்தைக்காக அம்மா ஏன் அதை விட்டுக்கொடுக்க வேண்டும்? குருவானவரை ஒரு வார நாளில் வீட்டில் போய்ப் பாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய போட்டோக்களைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். விதவைகளில் விருப்பமுள்ளவர்களிடம் அசன வரி வாங்கலாம் என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். தீர்மானம் வருகிறவரை காத்திருக்கவும் வேண்டாம், அம்மாவின் வரியை அன்றைக்கே குருவானவர் கையில் கொடுத்து, அம்மா பெயரில் ரசீது வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்