ஸ்வீடனில் தனியாக, ரயிலும் டிராமுமாக: கேட்டவர்களுக்குப் பதில்

மால்மோவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கார் ஓட்டத் தெரியாது, கற்கும் எண்ணமும் இல்லை. அதனால் இந்த நாட்டை ரயில், டிராம், படகு, பஸ் என்றுதான் சுற்றியிருக்கிறேன், பெரும்பாலும் தனியாக. அதைப் பற்றிக் கேளுங்கள். விசா பற்றி வேண்டாம்.

திண்ணை: சார், ஜூனில் 8 நாள் லீவு. ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க், மால்மோ, கிருணா, விஸ்பி எல்லாம் பார்த்துவிடலாமா?

சார் இல்லை, அக்கா. பார்க்கலாம், ரயில் ஜன்னலை. கிருணாவுக்கு ஸ்டாக்ஹோமில் மாலை ஏறினால் மறுநாள்தான் இறங்குவீர்கள். 2025 ஆகஸ்டில் 672 டன் மரத் தேவாலயத்தை அப்படியே தூக்கி, ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்த ஊர் அது. அடியில் இரும்புச் சுரங்கம் தோண்டத் தோண்ட ஊரே இடம் மாறுகிறது. போகவேண்டிய ஊர்தான், ஆனால் இந்த 8 நாளில் இல்லை. விஸ்பி தீவுக்குப் படகே மூன்று மணி நேரத்துக்கு மேல். அதையும் விடுங்கள்.

ஸ்டாக்ஹோமில் மூன்று இரவு, அதில் ஒரு பகல் உப்சாலா. அப்புறம் நோர்ஷோப்பிங் ஒரு இரவு, மால்மோ ஒன்று, கோத்தன்பர்க் இரண்டு. அங்கிருந்து ஸ்டாக்ஹோம் திரும்ப மூன்று மணி நேரம். முக்கோணமாக முடிந்துவிடும்.

நோர்ஷோப்பிங் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாரும் ரயிலில் தாண்டிப் போகிற ஊர். பழைய நெசவாலைகள் ஆற்றின் இரு கரையிலும் நிற்கும், நடுவில் தண்ணீர் அருவியாக விழும். ஆற்றுக்குள் ஒரு சின்னத் தீவு முழுக்க ஒரே கட்டடம், 1917இல் கட்டியது, பெயர் ‘இஸ்திரிப் பெட்டி’. மேலே ஏழு முனைகள், கீழே நுரை. இப்போது உழைப்பாளர் அருங்காட்சியகம், நுழைவு இலவசம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். மஞ்சள் டிராமும் இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கடைசி வண்டியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்கு முந்தைய வண்டிதான் உங்கள் வண்டி.

மழைக்காகிதம்: அர்லாண்டா விமான நிலையத்திலிருந்து ஸ்டாக்ஹோம் போக எது மலிவு?

நேர் ரயில் இருபதே நிமிடம், பணமும் அதே வேகத்தில் போகும். உள்ளூர் மின்ரயிலும் நிலையத்துக்கு அடியிலேயே வருகிறது. ஆனால் அந்த ஒரு ஸ்டேஷனில் ஏறவோ இறங்கவோ தனிக் கட்டணம், நூறு குரோனாவுக்கும் மேல். பொறுமை இருந்தால் 583ஆம் பஸ்ஸில் மேர்ஸ்டா போய், அங்கிருந்து மின்ரயில் பிடியுங்கள். சாதாரண நகர டிக்கெட்டே போதும். அந்த டிக்கெட் 75 நிமிடத்துக்குச் செல்லுபடியாகும். அதற்குள் மெட்ரோ, பஸ், டிராம், யூர்கோர்டன் தீவுக்குப் போகிற படகு எதில் வேண்டுமானாலும் மாறலாம். வாசா கப்பலைப் பார்க்க அந்தப் படகில் போவதுதான் அழகு. 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961இல் மேலே வந்த கப்பல்.

அப்புறம் மலிவு விமானம் ‘ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா’ என்று காட்டினால் வரைபடத்தைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் தள்ளி, நிஷோப்பிங் பக்கத்தில் இருக்கிறது.

வெள்ளாடு: பணமாகக் குரோனா எவ்வளவு மாற்றி வர வேண்டும்?

வேண்டாம். கார்டு போதும். கழிவறைக்குக்கூட கார்டுதான்.

கொடிக்கால்: ரயில் பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட்டா? டிக்கெட் விலை தினம் மாறுகிறதே?

நான்கு பெரிய பயணத்துக்குப் பாஸ் தேவையில்லை. அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைப் பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். தேதி முடிவானதும் டிக்கெட் வாங்கிவிடுங்கள், தள்ளத் தள்ள விலை ஏறும். ஸ்டாக்ஹோம்–கோத்தன்பர்க் தடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் போட்டி போடுகின்றன, ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஆனால் வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால் மொத்தப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். முதல் வண்டி தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. மலிவு என்று இரண்டு கம்பெனியில் தனித்தனியாக வாங்கினால், தவறவிட்ட வண்டி உங்கள் கணக்கில்.

சரி, இது கேட்காமலே சொல்வது. ஸ்டேஷன் பலகையில் மூன்று சொல் தெரிந்திருக்க வேண்டும். ‘ஃபர்சேனாட்’ என்றால் தாமதம். ‘ஸ்போர்’ என்றால் நடைமேடை, அது கடைசி நிமிடத்தில் மாறும். மூன்றாவது ‘இன்ஸ்டெல்ட்’. வந்த புதிதில் என் வண்டிக்கு நேரே அதைப் பார்த்தேன். எழுத்தைப் பார்த்தால் ‘இன்ஸ்டால்’ மாதிரி இருக்கிறதே, வண்டியைத் தயார் செய்துவிட்டார்கள் போல என்று காபி வாங்கிக்கொண்டு நின்றேன். நடைமேடையில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ‘ரத்து’. மற்றவர்கள் எல்லாரும் வெளியே மாற்றுப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். பிப்ரவரி, பனி. அதனால்தான் சொல்கிறேன், முந்தைய வண்டி.

பாலாற்றுக்காரன்: கோத்தன்பர்க் என்று எழுதுகிறீர்களே, அது ஆங்கிலத்தில் சொல்கிற பெயர். யோத்தெபொரி என்று எழுதக்கூடாதா?

எழுதலாம். வாசிப்பவருக்கு எந்த ஊர் என்று புரிய வேண்டுமே.

திண்ணை: நோர்ஷோப்பிங்கை மட்டும் சரியாக எழுதிவிட்டு இதை விட்டது ஏன் அக்கா?

மாட்டிக்கொண்டேன். சரி, இனி யோத்தெபொரி.

பாலாற்றுக்காரன்: அப்படியானால் கிருணாவும் ஷிருணாதானே? இ-க்கு முன்னால் க வந்தால் ஷ என்று படித்திருக்கிறேன்.

விதி சரி. புள்ளி வைத்த ஓ-வுக்கு முன்னாலும் அப்படித்தான், அதனால்தான் லின்ஷோப்பிங், நோர்ஷோப்பிங். ஆனால் கிருணா வடக்கே வாழும் சாமி மக்களின் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் மொழியில் கிரோன், குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும் கௌதாரி மாதிரிப் பறவை. ஊர்ச் சின்னத்திலும் அது இருக்கிறது. ஆகவே க, கதான்.

கொடிக்கால்: இதெல்லாம் பயணிக்கு எதற்கு? போர்டைப் படித்தால் போதாதா?

போதாது. மால்மோவிலிருந்து பாலம் தாண்டி டென்மார்க் போகும் வண்டிக்கு ஒலிபெருக்கியில் ‘ஷோபென்ஹாம்ன்’ என்பார்கள். ‘கோபன்ஹேகன்’ வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி விட்டிருக்கிறேன். (திரும்பி வரும்போது சோதனை இருக்கலாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.) போர்டிலும் ஒரு வம்பு: ஓ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் அது அகரவரிசையின் கடைசி எழுத்து. ஊர்ப் பட்டியலில் ஓரெப்ரூவை நடுவில் தேடினால் கிடைக்காது. ஆங்கில ‘இஸட்’டும் தாண்டி அடியில் இருக்கும்.

பாலாற்றுக்காரன்: ‘ஷ’வும் சரியில்லை, அது ‘ச’வுக்கும் ‘ஷ’வுக்கும் நடுவில்...

தம்பி, போதும்.

நாவற்பழம்: அக்கா, தனியாகப் போகும் பெண்ணுக்கு இரவு பயமில்லையா? ஒரு நகரத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

இரவில் நான் ரயிலிலும் டிராமிலும் தனியாகத்தான் வருகிறேன். ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் ஏறுவேன், தங்குமிடத்தை ஸ்டேஷனுக்கு நடைதூரத்தில் எடுப்பேன். ஜூனில் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் மூன்று மணிக்கே இருட்டிவிடும், அதற்கேற்ப நாளைப் போடுங்கள்.

ஸ்டாக்ஹோமில் என்றால் மெட்ரோவின் நீலத் தடத்தில் ஒரு மத்தியானம். மைய நிலையத்தில் ஆழத்தில் இருக்கும் நடைமேடைக்கு இறங்குங்கள். வெள்ளைப் பாறையில் நீல நிறச் செடிகொடி ஓவியம் ஓடும், எல்லாரும் அதைப் படமெடுப்பார்கள். கொஞ்சம் தள்ளி நிமிர்ந்து பாருங்கள், நீல நிழலாக மனிதர்கள் தெரிவார்கள். அந்தச் சுரங்கத்தைக் கட்டிய வேலையாட்கள். 1975இல் ஓவியர் பெர் ஓலோஃப் உல்ட்வெட் அவர்களையும் கூரையிலேயே தீட்டிவைத்தார்.

யோத்தெபொரியில் சால்ட்ஹோல்மென் போகும் டிராமில் கடைசி நிறுத்தம். அங்கே படகு நிற்கும், அதே டிக்கெட். வ்ரோங்கோ தீவு வரை போங்கள். கார் கிடையாது. மளிகைச் சாமான் எல்லாம் முன்னால் பெட்டி கட்டிய மொபெட்டில்தான் வீட்டுக்குப் போகும். திரும்பும் படகு? எது என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மருதாணி: நான் சைவம். பட்டினியா?

மால்மோவில் மெல்லவோங்கென் சதுக்கம் பக்கம் ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை), மலிவும் வயிறு நிறையவும். மற்ற ஊர்களில் வார நாட்களில் மதியம் ‘டாகென்ஸ் லஞ்ச்’ கேளுங்கள். சாலட், ரொட்டி, காபி சேர்த்தே விலை. அதே கடையில் இரவு சாப்பிட்டால் அழுகை வரும். ஜூனில் வரும் மிட்சம்மர் பண்டிகை வெள்ளி, சனியில் பாதி ஊர் பூட்டிக் கிடக்கும், முதல் நாளே வாங்கி வையுங்கள்.

ஊர்க்குருவி: அக்கா, விசா எத்தனை நாளில்...

தூதரகத்தின் தளம்.

ஏரிக்கரை: எவ்வளவு குரோனா பணமாகக் கொண்டுவர வேண்டும்?

வெள்ளாடு கேட்டதைப் படியுங்கள்.

பாலாற்றுக்காரன்: வ்ரோங்கோவா, வ்ரோங்யோவா?

வ்ரோங்-ஓ. ஓ என்றால் தீவு. அந்தப் புள்ளி வைத்த ஓதான்.