கிளாஸைக் கூட்டுமுன் டையைத் தொட்டுப் பாருங்கள்

ஐயா,
பீன்யாவில் ஒரு மோல்டிங் யூனிட்டில் இருக்கிறேன். 30 சதவீதம் கிளாஸ் (கண்ணாடி இழை) போட்ட நைலான் 66-இல் பிராக்கெட் அடிக்கிறோம். மெஷினிலிருந்து வரும்போது விறைப்பாக இருப்பது, மழைக்காலத்தில் வாடிக்கையாளரிடம் வளைகிறது. கிளாஸை 40 ஆக்கினால் தீருமா? இழையின் படிக அமைப்புதானே விறைப்பைத் தருகிறது?
வாசகர், பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணாடி இழைக்குப் படிக அமைப்பே கிடையாது. படிகம் இருப்பது நைலானில்தான். 40 ஆக்கினால் விறைப்பு கூடும். மெஷினின் ஸ்க்ரூவும், பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயான ‘கேட்’டும் சீக்கிரம் தேயும். அது கிடக்கட்டும்.

டை, அதாவது அச்சு, எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று ஒரு வரி எழுதவில்லையே! சில மாதங்களாக என் மனசில் ஓடுவது இதுதான். ஒரு பீஸ் அடிக்கும் சைக்கிளில் ஐந்து வினாடி மிச்சம் பிடிக்க, சில்லரின் குளிர்ந்த தண்ணீரை டைக்குத் திருப்பிவிடுகிறார்கள். நைலான் 66 உருகுவது சுமார் 260 டிகிரியில். அதன் சங்கிலிகள் மடிந்து அடுக்காகப் படிய கொஞ்சம் சூடும் அவகாசமும் வேண்டும். 40 டிகிரி டையில் பட்டதும் மேல்தோல் அடுக்காகப் படியாமலே உறைந்துவிடுகிறது. பார்வைக்குப் பளபளப்பாக, நல்ல பீஸ் போலத்தான் இருக்கும்.

ஈரம் படிகத்துக்குள் நுழையாது. அடுக்காகப் படியாத பகுதிக்குள் புகுந்து, சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தும். அடுக்காகப் படியாத பகுதி கூடினால் குடிக்கும் தண்ணீரும் கூடும். போதாக்குறைக்கு, அந்த பீஸ் பிறகு சூட்டில் இருக்கும்போது மிச்சப் படிகம் வளர்ந்து சுருங்கும். துளைகளின் இடைவெளி மாறும்.

டையை 80 முதல் 90 டிகிரியில் வையுங்கள். கன்ட்ரோலர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது தண்ணீரின் சூடு. இருபது ஷாட் ஓடியபின் டையின் உட்குழிவான கேவிட்டியின் முகத்தில், பரப்பின் சூட்டைக் காட்டும் சர்ஃபேஸ் புரோபை வைத்து அளக்க வேண்டும். சந்தேகமிருந்தால் 40-இலும் 90-இலும் ஐந்தைந்து பீஸ் அடித்து, அன்றைக்கே, ஈரம் ஏறுமுன், துளை இடைவெளியை அளந்து, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியதும் மறுபடி அளந்து பாருங்கள். எது கூடுதலாகச் சுருங்குகிறது என்று உங்கள் வெர்னியரே காட்டும்.

இவ்வளவு செய்தாலும் ஈரத்தில் விறைப்பு குறையத்தான் செய்யும். உலர்ந்த நிலையில் 9, 10 கிகாபாஸ்கல் விறைப்பு காட்டும் கிரேடு, 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் ஊறியபின் 6, 7-க்கு வந்துவிடும். டேட்டா ஷீட்டில் இரண்டு எண்ணும் இருக்கும். பிராக்கெட்டை வரைந்தவர் எந்த எண்ணை எடுத்தார் என்று நாளைக்கே கேளுங்கள் தம்பி. உலர்ந்த நிலையின் எண் என்றால், கிளாஸைக் கூட்டுமுன், விறைப்புக்காக எழுப்பும் வரம்பான ரிப்பின் உயரத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.